மன்றமில்லாத ஊர்: நிக்கொடிமஸ் கண்ட ஏற்றமும் இறக்கமும்

குக்கிராமங்களிலிருந்து நம் அலுவலகத்துக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. தங்கள் ஊருக்குத் தனியாக ஒரு மன்றம் கிடையாதா, தாய்க் கிராமத்தாரின் கையையே என்றும் எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்பதே அது. சட்டப்படி இதற்கு விடை கூறுவது எளிது. ஆயினும், தனி மன்றம் என்ற ஒன்றை ஒருபோதும் பெறாத ஊர் எங்ஙனம் எழுகிறது, எதனால் நலிகிறது, நலிந்தும் எங்ஙனம் அழியாமல் நிற்கிறது என்பதை உண்மையான ஓர் ஊரின் கதையைக் கொண்டு விளக்கினால் உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் பயன்படும் என்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட ஊர் நம் நாட்டிலுள்ளதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில், கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கே, சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு அருகில், கிரஹாம் கவுண்டியில் உள்ளது அது. பெயர் நிக்கொடிமஸ். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 14 பேர். பதினான்கு பேர் வாழும் ஓர் இடத்துக்கு வரலாறு என்ன இருக்க முடியும் என்று வாசகர் வியக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

அந்நாட்டு ஊர் நிருவாகத்தைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேலே செல்வோம். இல்லையேல் பின்னர் வருவது விளங்காது. நம் மாநிலத்தில் குக்கிராமம் எவ்வளவு சிறியதாயினும் ஏதேனும் ஓர் ஊராட்சிக்குள் அடங்கிவிடும். அதன் மக்களும் அம்மன்றத் தேர்தலில் வாக்களிப்பர். அங்கே நடைமுறை வேறு. ஓரிடத்தில் வாழ்வோர் தாமே முன்வந்து, மாநிலச் சட்டத்தின்படி விண்ணப்பித்து, தங்கள் ஊரை ஒரு நகரமெனப் பதிவு செய்துகொண்டால்தான் அதற்கு மன்றமும் தலைவரும் வரி விதிக்கும் உரிமையும் உண்டாகும். அங்ஙனம் பதிவு செய்யப்படாத ஊருக்கு வீடுகள் இருக்கலாம், கடைகள் இருக்கலாம், கோயில் இருக்கலாம், வரைபடத்தில் பெயரும் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது தனி உடலன்று. அதன் காரியங்களைக் கவுண்டி நிருவாகம் கவனிக்கும். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் உறுப்பு. ஆனால் கிரஹாம் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 900 சதுர மைல் என்பதால் நம் பெரிய வட்டம் ஒன்றின் அளவென்று கொள்ளலாம். கவுண்டிக்குள் 'டவுன்ஷிப்' என்னும் சிறு பிரிவுகள் உண்டு. கன்சாஸ் மாநிலத்தில் பொறுப்பாளர், எழுத்தர், பொருளாளர் என மூவர் கூடி ஒரு டவுன்ஷிப்பை நடத்துவர். வண்டிப் பாதை, இடுகாடு போன்றவையே அவர்கள் கையிலுள்ளவை. நிக்கொடிமஸ் ஊருக்கும் அதே பெயருடைய ஒரு டவுன்ஷிப் உண்டு. ஊருக்கென்று தனி மன்றம் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கி 1865-இல் முடிந்தது. அதன் விளைவாக அடிமைமுறை ஒழிக்கப்பட்டது என்பதை வாசகர் அறிவர். கெண்டக்கி மாநிலத்து அடிமைகளோ ஏனையோரினும் சற்றுப் பிந்தியே விடுதலை பெற்றனர். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், போரில் பிரிந்து நின்ற மாநிலங்களுக்கே செல்லுபடியாகும். கெண்டக்கி பிரிந்து போகாத மாநிலமாதலால் அங்குள்ள அடிமைகள் 1865 டிசம்பரில் அரசியற் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வரும் வரையில் காத்திருக்க நேர்ந்தது. விடுதலை வந்ததேயன்றி நிலம் வரவில்லை. நேற்றுவரை எவருடைய காட்டில் உழைத்தனரோ அவர்களுடைய காட்டிலேயே இன்று வாரத்துக்கு உழுதனர். விதையும் ஏரும் கடனாகப் பெற்று, விளைவில் பாதியும் அதற்கு மேலும் அளந்து கொடுத்து, ஆண்டு முடிவில் கையிருப்பு ஏதுமின்றி நிற்கும் வாரக்குடியின் நிலைமையை நம் உழவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, கறுப்பின மக்களைக் காக்கவென்று தென்மாநிலங்களில் நிறுத்தப்பட்டிருந்த படைகளும் 1877-இல் காவற்பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன.

அதே 1877-இல்தான் நிக்கொடிமஸ் பிறந்தது. 1862-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் ஒன்று அமலிலிருந்தது. குடும்பத் தலைவராயுள்ள ஒருவர் அரசாங்கத் தரிசு நிலத்தில் 160 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் அவருக்கே உரிமையாகும். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 18 டாலர். இந்நிலமெல்லாம் பழங்குடி மக்கள் எருமை வேட்டையாடி வாழ்ந்த வெளி என்பதையும், அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்ட பின்னரே அது தரிசு என்று பெயர் பெற்றது என்பதையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். எவ்வாறாயினும், வாரத்துக்கு உழுதே காலந்தள்ளிய ஒருவனுக்குச் சொந்தமாக 160 ஏக்கர் என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர், மனைகள் பிரித்து ஊர்கள் உண்டாக்குவதைத் தொழிலாகக் கொண்டவர். அவரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் கறுப்பினப் போதகரும், கறுப்பினத்தார் வேறு ஐவரும் சேர்ந்து ஊர்க் கம்பெனி ஒன்றை அமைத்தனர். ஸ்மித் தலைவர்; ஹில் பொருளாளர். மனைப் படம் வரைந்து, துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு, கெண்டக்கி மாநிலத்துத் திருச்சபைகளிலே பேசி ஆள் சேர்த்தனர். ஊரின் பெயர் பற்றி இரு கூற்றுகள் உண்டு. தமிழ் விவிலியத்தில் நிக்கொதேமு என்று வரும் பெரியவரின் பெயரே அது என்பர் சிலர். கப்பலில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டுத் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவன் என்று கதைகளில் வரும் ஒருவனின் பெயர் என்பர் வேறு சிலர். ஊரார் பெரிதும் விரும்பிச் சொல்வது இரண்டாவதையே.

1877 செப்டம்பரில் முதற் பெருங்கூட்டம், ஏறக்குறைய 300 பேர், கெண்டக்கியிலிருந்து புகைவண்டியேறி எல்லிஸ் என்னும் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து 35 மைல் தொலைவு. வண்டி கிடைக்காதவர் நடந்தனர். இரண்டு நாள் ஆயிற்று. வந்து பார்த்தால் ஊர் இல்லை. மரம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஆற்றோரத்தில் மட்டும் சிறிது மரக்கூட்டம். முன்னரே வந்திருந்த சிலர் நிலத்தைக் குடைந்து வாழ்ந்துகொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு வசந்தத்தில் தம் கணவருடன் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற அம்மையார் முதியவரான பின் தம் நினைவுகளைக் கூறியிருக்கிறார். ஊர் எங்கே என்று தாம் கேட்டதாகவும், மண்ணிலிருந்து எழும் புகையைக் காட்டி அதுதான் ஊர் என்று கணவர் சொன்னதாகவும், அதைக் கண்டதும் தமக்கு அழுகை வந்துவிட்டதாகவும் அவர் சொல்லுகிறார். வந்த வழியே திரும்பிய குடும்பங்களும் பல. ஏமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரத்தில் ஹில்லைத் தூக்கிலிடச் சிலர் கிளம்பினர் என்றும், அவர் ஒளிந்து தப்பினார் என்றும் ஒரு கதை அப்பகுதியில் வழங்கி வருகிறது.

அக்குழி வீடுகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறலாம். சரிவான கரையொன்றில் அறை போலக் குடைவர். முன்புறத்துக்குப் புல் வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல்லைப் போல் அடுக்குவர். மேலே கழிகளைப் பரப்பி, புதர், புல், மண் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடுவர். ஒரு மூலையில் அடுப்பு. புகை போக ஒரு துளை. பனிக்காலத்தில் உள்ளே கதகதப்பாக இருக்கும். மழை பெய்தால் ஒழுகும். கூரையிலிருந்து பாம்பு விழுவதும் உண்டு. விறகுக்கும் மரமில்லாமையால் காய்ந்த எருமைச் சாணத்தையும் சூரியகாந்தித் தட்டையையும் எரித்தனர். வறட்டி தட்டும் நம் தாய்மார்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அவர்கள் வந்த செப்டம்பர் மாதமே அந்நாட்டில் குளிர்காலக் கோதுமை விதைக்கும் பருவம். ஆனால் விதையில்லை, ஏரில்லை, ஏர் இழுக்கக் குதிரையும் மாடும் மிகச் சிலவே. அப்புல்வெளியின் வேர்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடப்பவை. உறுதியான எஃகுக் கலப்பைக்கே அசைந்து கொடுக்கும். ஆகவே பருவம் கண்ணெதிரே கடந்து சென்றது. அந்த முதற் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தம் இறைச்சியில் பங்கு கொடுத்துத் தங்களைக் காப்பாற்றினர் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தம் நிலத்தை இழந்தவர்களே நிலந்தேடி வந்தவர்களுக்குச் சோறிட்டார்கள் என்று இதனைப் படித்தபோது நாம் சிறிது நேரம் மேலே படிக்காமல் நின்றோம்.

1878 வசந்தத்தில் மண்வெட்டியாலும் கொத்தாலும் நிலத்தைக் கிளறிப் பயிரிட்டனர். ஆண்கள் எல்லிஸுக்கும் அதற்கப்பாலும் நடந்து சென்று இருப்புப்பாதையில் கூலி வேலை செய்தனர். அக்காலங்களில் குழி வீட்டையும் பிள்ளைகளையும் பயிரையும் பெண்களே காத்தனர். வெளியில் சிதறிக் கிடந்த எருமை எலும்புகளைப் பொறுக்கி உரத்துக்காக விற்பதும் ஒரு வருவாயாயிற்று. சாகுபடியில் மெல்ல மெல்ல அனுபவம் கிட்டியது. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 22 அங்குலந்தான். நம் வானம் பார்த்த பூமிக்கும் கீழான அளவு அது. மக்காச்சோளம் மழை பொய்த்தால் கருகிவிடும். உருசிய நாட்டிலிருந்து வந்து குடியேறிய மென்னனைட்டு உழவர்கள் 1874-இல் கன்சாஸுக்குக் கொண்டுவந்த சிவப்புக் கோதுமையோ முன்பனியில் முளைத்து, பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, கோடை வெப்பம் முற்றுமுன் ஜூன், ஜூலையில் அறுவடைக்கு வந்துவிடும். நாளடைவில் மேற்குக் கன்சாஸ் முழுவதும் அவ்வினத்தின் வழிவந்த கோதுமைக்கே மாறிற்று. ஓராண்டு விதைத்து அடுத்த ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு ஈரம் சேர்க்கும் வழக்கமும் அங்கே பரவியது. பாதி நிலத்தைச் சும்மா போடுவதா என்று நம்மவர் கேட்கலாம். மழை குறைந்த நாட்டில் நிலம் ஓய்வதும் ஒரு வேலையே.

நிலத்தோடு ஊரும் வளர்ந்தது. முதற் குடிகளுள் சக்கரி பிளெச்சர் என்பவரும், போதகர் ஸ்மித்தின் மகளும் அவருடைய மனைவியுமான ஜென்னி அம்மையாரும் குறிப்பிடத்தக்கவர்கள். அஞ்சல் நிலையம், பள்ளி, பயணியர் தங்கும் விடுதி ஆகிய மூன்றும் இத்தம்பதியரின் கைப்பட்டே தொடங்கின. அம்மையார்தாம் ஊரின் முதல் ஆசிரியை. மண் வீடுகளுக்குப் பதிலாக அப்பகுதியிற் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லாலும் மரத்தாலும் கட்டடங்கள் எழுந்தன. மெதடிஸ்டு, பாப்டிஸ்டு சபைகள் கோயில் கட்டிக்கொண்டன.

ஆட்சிப் பொறுப்பிலும் இவ்வூரார் பங்கு பெற்றதே நம் உறுப்பினர்கள் கருதத்தக்கது. கிரஹாம் கவுண்டி 1880 வரை தனி நிருவாகமின்றி அண்டையிலுள்ள ரூக்ஸ் கவுண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தனிக் கவுண்டியாக வேண்டுமானால் தலைக்கணக்குக் காட்ட வேண்டும். அக்கணக்கில் நிக்கொடிமஸ் குடிகள் பெரும் பகுதியினர். 1878-இல் அங்கு வந்த எட்வர்டு மெக்கேப் என்னும் இளைஞரை மாநில ஆளுநர் 1880-இல் கவுண்டியின் தற்காலிக எழுத்தராக நியமித்தார். அடுத்த ஆண்டு அவர் தேர்தலிலேயே அப்பதவியைப் பெற்றார். 1882-இல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1884-இல் மீண்டும் வென்றார். தென்மாநிலங்களுக்கு வெளியே மாநில அளவிலான பதவியொன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே. குழி வீடுகளிலிருந்து மாநிலத் தலைநகருக்கு ஐந்தே ஆண்டுகள். ஊர் பதிவு பெறவில்லையே என்பதற்காக அவர் காத்திருக்கவில்லை. கவுண்டித் தேர்தலில் எல்லாக் குடிகளுக்கும் வாக்குண்டு. மன்றம் வேண்டும் என்று கேட்டு வருவோரிடம் இருக்கும் வாக்கை முதலிற் பயன்படுத்துங்கள் என்று நாம் சொல்வதுண்டு. அதற்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

1886-87-இல் நிக்கொடிமஸ் தன் உச்சத்தை எட்டியது. இரண்டு செய்தித் தாள்கள், ஒரு வங்கி, விடுதிகள், பலசரக்குக் கடைகள், மருந்துக் கடை, குதிரை லாயம் எல்லாம் இருந்தன. பந்தாட்டக் குழு ஒன்றும் உண்டு. குறை ஒன்றே: இருப்புப்பாதை இல்லை. கோதுமையை வண்டியிலேற்றி எல்லிஸுக்குக் கொண்டு சென்று திரும்பப் பல நாள் பிடிக்கும். புகைவண்டி வந்தால் தானியம் வாசலிலேயே விலைபோகும். மரமும் கருவிகளும் மலிவாக வந்திறங்கும்.

அக்காலத்தில் இருப்புப்பாதைக் கம்பெனிகளின் நடைமுறை வேடிக்கையானது. எந்த ஊர் எவ்வளவு பணம் தரும் என்று பார்த்துப் பாதையின் போக்கை முடிவு செய்வர். ஊரார் கடன் பத்திரங்கள் வெளியிட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பர். அக்கடனை ஆண்டுதோறும் நிலவரியின் மூலம் அடைப்பர். 1887-இல் நிக்கொடிமஸ் டவுன்ஷிப் வாக்காளர்கள் மிசௌரி பசிபிக் கம்பெனியின் பாதைக்காக 16,000 டாலர் பெறுமான கடன் பத்திரங்கள் வழங்க ஒப்புதல் அளித்தனர். பத்தாண்டுகளுக்கு முன் மண்வெட்டியன்றி வேறு கருவியில்லாதிருந்தவர்கள் தங்கள் நிலத்தின்மேல் தாங்களே ஏற்றிக்கொள்ளத் துணிந்த சுமை அது. வேறு இரு கம்பெனிகளின் பாதைகளும் வரக்கூடும் என்ற பேச்சிருந்தது. மனை விலை ஏறியது. புதிய வணிகர்கள் வந்தனர்.

மிசௌரி பசிபிக் வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் கம்பெனி பாதை போட்டது. ஆனால் நிக்கொடிமஸ் வழியாக அன்று. ஆற்றின் தென்புறத்தில், சில மைல் தள்ளி. அங்கே பாதை போட வந்தோரின் கூடாரங்களைச் சுற்றி ஒரு சிற்றூர் முளைத்தது. போக் என்பது அதன் பெயர். நிக்கொடிமஸ் வணிகர்கள் காத்திருக்கவில்லை. கடைகளைச் சரக்கோடு மட்டுமன்றிக் கட்டடத்தோடும் பெயர்த்து உருளைகளின்மேல் ஏற்றி ஆற்றுக்கு அப்பால் இழுத்துச் சென்றனர். மரக் கட்டடமாதலால் அது இயன்றது. செய்தித் தாள்கள் நின்றன. வங்கி போயிற்று. இரண்டாண்டு ஏற்றம் சில திங்களில் கரைந்தது.

இங்கு நம் கருத்தொன்றைக் கூறிச் செல்ல வேண்டும். நிக்கொடிமஸ் பதிவு பெற்ற நகரமாக இருந்திருந்தால் பாதை அதன் வழியே வந்திருக்கும் என்று எண்ணுவோர் இருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாதையின் போக்கைத் தீர்மானித்தோர் தம் ஆதாயக் கணக்கைப் பார்த்தனரேயன்றி ஊரின் பதிவுப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. வாக்கெடுப்பும் பணமும் டவுன்ஷிப் வழியாகவே ஆயத்தமாயின. மன்றமில்லாமை அதற்குத் தடையாகவில்லை. தடையாக நின்றது, முடிவு செய்யும் மேசையில் ஊராருக்கு இடமில்லாமையே. ஹில் என்ற அந்த மனை வணிகர் தம் பெயரிலேயே உண்டாக்கிய ஹில் சிட்டி அதே கவுண்டியில் தலைமையூராகி, புகைவண்டியும் பெற்றது என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

கடைகள் போனபின் யார் எஞ்சினர்? நிலமுடையவர் எஞ்சினர். வணிகன் கடையைப் பெயர்க்கலாம். உழவன் 160 ஏக்கரைப் பெயர்க்க முடியாது. குடியேற்றச் சட்டத்தின்படி ஐந்தாண்டு காலத்தை நிறைவேற்றி உரிமைப் பத்திரம் பெற்றிருந்த குடும்பங்கள் அங்கேயே நின்றன. வணிகவூராக இருந்தது உழவர் ஊராக மாறிற்று. 1887-இல் கட்டிய பள்ளிக்கூடம் 1916-இல் எரிந்துபோயிற்று. 1918-இல் மீண்டும் கட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறப்பாக முதல் உலகப் போர்க் காலத்தில், கோதுமை விலை ஏறியமையால் நல்ல காலமே நடந்தது.

பின்னர் 1930-களின் வறட்சி வந்தது. பல ஆண்டுகள் மழை பொய்த்தது. உழுது வெறுமையாகக் கிடந்த மேல்மண் காற்றில் எழுந்து பகலை இருளாக்கியது. உலகப் பொருளாதார மந்தத்தால் கோதுமைக்கு விலையும் இல்லை. கடன் பட்டவர் நிலத்தை இழந்தனர். 1935-இல் ஊரில் இருந்தோர் 76 பேர். அந்த வறிய காலத்திலேயே, வேலையற்றோருக்கு வேலை தரும் மைய அரசின் திட்டத்தின்கீழ், 1939-இல் டவுன்ஷிப் கூடமொன்று சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டது. நம் நாட்டு வேலைவாய்ப்புத் திட்டங்களில் குளம் வெட்டுவதும் கட்டடம் கட்டுவதும் கண்டோர்க்கு அதன் பயன் விளங்கும். 76 பேருக்கு எதற்குக் கூடம் என்று எவரேனும் கேட்டிருப்பர். நம் அலுவலகத்திலும் இத்தகைய கோப்புகளின்மேல் அதே வினா எழுதப்பட்டுத் திரும்பி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அக்கூடம் இன்றும் நிற்கிறது.

1950-இல் ஊரில் எஞ்சியோர் 16 பேர். 1953-இல் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது. மன்றமில்லாத ஊருக்கு அஞ்சல் நிலையமே அரசாங்க முகம். ஊரின் பெயர் முத்திரையில் பதிவதும் அங்கேதான். அது போனபோது பெயரே போயிற்று என்று பலர் கருதியிருப்பர். பிள்ளைகள் குறையவே பள்ளியும் பின்னர் நின்றது.

இச்சரிவுக்கெல்லாம் இருப்புப்பாதையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது, முழு உண்மையாகாது. 1910-இல் 8,000 பேருக்கு மேல் வாழ்ந்த கிரஹாம் கவுண்டியில் 2020-இல் எஞ்சியோர் 2,415 பேர். பாதை பெற்ற ஊர்களும் தேய்ந்தன. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின், 160 ஏக்கரில் ஒரு குடும்பம் என்பது மாறிப் பல மடங்கு நிலத்தை ஒரே குடும்பம் பார்க்கும் நிலை வந்தது. ஆட்கள் குறைந்தால் பள்ளி குறையும். பள்ளி குறைந்தால் கடை குறையும். கறுப்பின உழவர்களுக்கு இதனுடன் வேறொரு துன்பமும் சேர்ந்தது. 1920-இல் அந்நாடு முழுவதும் 9,25,000-க்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தனர். அந்நூற்றாண்டின் முடிவில் அவர்கள் தொகை 20,000-க்கும் கீழே வந்துவிட்டது. விதைப்புக் காலத்துக்கு வேண்டிய அரசாங்கப் பயிர்க்கடன் தங்களுக்கு மறுக்கப்பட்டது அல்லது பருவம் தவறியபின் தரப்பட்டது என்று அவர்கள் தொடுத்த வழக்கில் 1999-இல் நாடளாவிய உடன்பாடு ஏற்பட்டு இழப்பீடு வழங்கப்பட்டது. பருவம் தவறி வரும் கடன் வராத கடனே என்பது எந்நாட்டு உழவனுக்கும் தெரிந்ததுதான். கோப்பு நம் மேசையில் ஒரு மாதம் கிடந்தால் அது வயலில் ஓர் ஆண்டு என்பதை நம் போன்ற அலுவலர்கள்தாம் மறந்துவிடுகிறோம்.

ஊர் அழியாமைக்குக் காரணமாக நின்றது ஒரு பழைய வழக்கம். 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகள் முதலிய ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளை நினைவுகூரும் விடுதலை விழாவை நிக்கொடிமஸ் குடிகள், குழி வீடுகளில் வாழ்ந்த தொடக்க ஆண்டுகளிலேயே கொண்டாடத் தொடங்கிவிட்டனர். ஆற்றோர மரநிழலில் கூடி உணவு சமைத்து, பந்தாடி, பாடி, பேசிக் கலைவர். வேலை தேடி டென்வர், கன்சாஸ் சிட்டி, கலிபோர்னியா என்று சென்றவர்களும் அந்நாட்களில் ஊருக்குத் திரும்புவர். பின்னாளில் அதற்கு ஊர் திரும்பும் விழா என்றே பெயர் வழங்கலாயிற்று. நம் ஊர்த் திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வருவதை ஒத்ததே இது.

இவ்வாறு வந்துபோனோர் தம் மூதாதையரின் இடுகாட்டையும் கட்டடங்களையும் கண்டு, அவற்றைக் காக்க முனைந்தனர். 1976-இல் ஊர் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1988-இல் ஊர் வழித்தோன்றல்கள் ஒரு வரலாற்றுக் கழகம் அமைத்தனர். அவர்களின் இடைவிடாத முயற்சியால் 1996 நவம்பர் 12-இல் நிறைவேறிய சட்டத்தின்படி இவ்வூர் தேசியப் பூங்காத் துறையின் மேற்பார்வைக்குட்பட்ட வரலாற்றுத் தலமாயிற்று. பாதுகாக்கப்படுபவை ஐந்து கட்டடங்கள்: மெதடிஸ்டு கோயில், பாப்டிஸ்டு கோயில், பிளெச்சர் தம்பதியரின் விடுதி, 1918-இன் பள்ளி, 1939-இன் டவுன்ஷிப் கூடம். விடுதலை பெற்ற அடிமைகள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அக்காலத்தில் உண்டாக்கிய ஊர்களுள் இன்றும் நிலைத்திருப்பது இது ஒன்றே என்று அத்துறை குறிப்பிடுகிறது.

அந்தக் கூடமே பின்னர் வருகையாளரை வரவேற்கும் நிலையமாகப் பயன்பட்டது. விழாவுக்குக் கூட்டம் சேர்வதும் அதன் முன்னேதான். ஊர் இன்னும் பதிவு பெறவில்லை. மன்றமும் தலைவரும் இல்லை.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் கடைசி வார இறுதியில் அவ்விழா நடைபெறுகிறது. ஐந்தாம் தலைமுறையினரும் ஆறாம் தலைமுறையினரும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்கின்றனர். அதற்குள் சுற்றிலும் உள்ள வயல்களில் கோதுமை அறுவடை முடிந்திருக்கும். திங்கட்கிழமை வண்டிகள் புறப்பட்டுப் போகும். உழவர்கள் தாள் நின்ற நிலத்தைக் கவனிக்கத் தொடங்குவர், செப்டம்பரில் விதைப்பு.